பூட்டம்மாவும் புதன்கிழமைக்காரரும்

அந்த ஊரில் மனநல ஆலோசகர்கள் அத்தனை பேருக்கும் பல் சொத்தை என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பல்லின் குற்றம் எதுவும் இல்லை. மூன்று மாடிக் கட்டடம் ஒன்று; முதல் மாடியில் பல் டாக்டர், மூன்றாவது மாடியில் பூட்டம்மா. ஊரார் மனக்கஷ்டத்தைக் கேட்டுக் கேட்டுத் தங்கள் மனம் கனத்துப்போன ஆலோசகர்கள் இறக்கிவைக்க வருகிற இடம் அந்த மூன்றாவது மாடி. படியில் தெரிந்த முகம் எதிர்ப்பட்டால் போதும், கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும்.

"பல்லு சார். உயிர் போகுது."

"எனக்கும் அதேதான் மேடம். கடவாப்பல்லு."

இருவருக்கும் மற்றவர் சொல்வது பொய் என்று தெரியும். பொய்யைக் கண்டுபிடிப்பதுதானே இருவரின் பிழைப்பும். இருந்தாலும் கண்ணில் ஈரத்தோடு, "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று பிரிவார்கள். பல் டாக்டருக்கு இதனால் கிடைத்த பெயரையும் புகழையும் வைத்து அவர் இன்னொரு கட்டடமே கட்டியிருக்கலாம்.

பூட்டம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, சக ஆலோசகர்கள் வைத்தது. முப்பது வருஷத்தில் அவர் காதுக்குள் போன ஒரு சொல்கூட வாய்வழியாக வெளியே வந்ததில்லை. ஊரில் பாதிப் பேருடைய ரகசியம் ஆலோசகர்களிடம் இருந்தது. ஆலோசகர்களின் ரகசியம் முழுக்க இவரிடம் இருந்தது. ஆக மொத்தம் ஊரே அவர் வயிற்றுக்குள். அப்படியும் அறுபத்து மூன்று வயதில் ஒல்லியாகவே இருந்தார் என்பது மருத்துவ அதிசயம்.

ஆலோசகருக்கு ஆலோசனை சொல்வதைப் போல வில்லங்கமான வேலை உலகத்தில் இல்லை. வருகிறவர்களுக்கு எல்லா வித்தையும் தெரியும். கடிகாரம் ஏன் அவர்கள் தலைக்குப் பின்னால் மாட்டப்பட்டிருக்கிறது, டிஷ்யூ பெட்டி ஏன் கைக்கெட்டும் தூரத்தில் ஆனால் கண்ணை உறுத்தாத இடத்தில் இருக்கிறது, எல்லாம் தெரியும். ஓர் அம்மாள் உட்காரும் முன்பே பெட்டியை இரண்டு அங்குலம் நகர்த்தி, "இங்க இருந்தாதான் அழ வசதி" என்பார். இன்னொருவர், "இப்ப நீங்க ஒண்ணும் பேசாம இருப்பீங்க, நான் பேச ஆரம்பிப்பேன். அதானே? பேச மாட்டேனே!" என்று கையைக் கட்டிக்கொள்வார். அப்படி ஒருமுறை இரண்டு பேரும் நாற்பத்து மூன்று நிமிஷம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததில், சங்கடம் தாங்காமல் சுவர்க்கடிகாரம் நின்றேபோனது.

இப்படிப்பட்ட அறைக்குத்தான் ஒரு புதன்கிழமை அந்த மனிதர் வந்தார். ஐம்பத்திரண்டு வயது, நன்றாகத் தேய்த்த சட்டை, எந்தப் பக்கம் பார்த்தாலும் நம்மையே பார்ப்பது போன்ற கண்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பத்தொன்பது வருஷமாக ஆலோசகர். தினமும் எட்டுப் பேர் அவர் எதிரே உட்கார்ந்து அழுதுவிட்டு, முகம் கழுவிய மாதிரி வீட்டுக்குப் போவார்கள்.

கையில் கொண்டுவந்த கடிதத்தைப் பூட்டம்மாவிடம் நீட்டினார். ஆஸ்பத்திரியின் மேலதிகாரி எழுதியது, சுருக்கமாக இருந்தது. சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, எதிரே ஒரு பெண்மணி அழுதுகொண்டிருக்கும்போது இவர் எழுந்து, கதவைத் திறந்து, வெளியே போய்விட்டார். இரண்டு மணி நேரம் தேடி, வாசல் பஸ் நிறுத்தத்தில் கண்டுபிடித்தார்கள். வருகிற பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்தொன்று வரை எண்ணியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை. இந்த மாதம் முடிவதற்குள், இவர் திரும்பவும் ஆட்களோடு உட்காரத் தகுதியானவர் என்று பூட்டம்மா எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள்.

"மாசத்துல அஞ்சு புதன் இருக்கு மேடம்" என்றார் அவர். "எனக்கு வேற ஒரு வேலையும் தெரியாது. ஒரு ஆணிகூட நேரா அடிக்கத் தெரியாது. எப்படியாவது அந்த ரூமுக்குத் திரும்பிப் போகணும்."

"போகலாம். அன்னைக்கு ஏன் எழுந்து போனீங்க?"

"நல்ல கேள்வி." தலையைச் சற்றே சாய்த்தார். "கேக்கலாமான்னு தெரியல, இப்ப உங்களுக்குப் பின்னாடிதான் படியேறி வந்தேன். சரசரன்னு ஏறிட்டிருந்தவங்க ஒரே ஒரு இடத்துல மட்டும் நின்னு, கைப்பிடியைப் பிடிச்சு, பல்லைக் கடிச்சீங்க. எதனால?"

"அதுவா, முழங்கால்."

"எந்தப் படியில?"

அதுவரை பூட்டம்மாவிடம் அதை யாரும் கேட்டதில்லை. எலும்பு டாக்டர் கேட்டதில்லை. வீட்டுக்காரர் கேட்டதில்லை. எந்தப் படியில் என்று யோசித்தார், மனத்துக்குள் எண்ணினார். "பதினாலாவது" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரம் முழங்காலோடு போயிற்று.

இரண்டாவது புதன்கிழமை அவர் மூச்சிரைக்க வந்தார். உட்காரும் முன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய அளவுகோலை எடுத்துக் காட்டினார்.

"மேடம், பதினாலாவது படி மத்த படியைவிட அரை அங்குலம் உசரம்! நாப்பத்தெட்டுப் படியையும் அளந்துட்டேன். முட்டி உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. கொத்தனார்தான் சரியில்ல."

பூட்டம்மா கைதட்டாத குறை. முப்பது வருஷம் ஏறி இறங்கிய படி! வீட்டில் இருப்பவர் ஊரிலுள்ள எல்லா லிஃப்டையும் சோதித்துக் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவர். மனைவி வேலை பார்க்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லாததால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். அவர் கண்ணில் படாத அரை அங்குலம்! அதைப் பற்றிப் பேசினார்கள். வீட்டுக்காரரைப் பற்றிப் பேசினார்கள். மணி ஆகிவிட்டது.

மூன்றாவது புதன்கிழமை பேச்சு தம்பியிடம் போயிற்று. எப்படிப் போயிற்று என்று பூட்டம்மாவைக் கேட்டால் சத்தியமாகத் தெரியாது என்பார். அவருக்கு ஒரே தம்பி. பேசிப் பதினோரு வருஷம்.

"வேலை போயிடுச்சுன்னு போன் பண்ணினான். அழுதான். நான் என் பாட்டுக்கு, 'அது உனக்கு எப்படி இருந்தது?'ன்னு கேட்டேன்."

"இந்தக் குரல்லயா?"

"இந்தக் குரல்லதான். அவன் அழுகையை நிறுத்தினான். அப்புறம் சொன்னான், 'நான் எங்க அக்காவுக்குப் போன் பண்ணினேன். டாக்டரம்மா எடுத்துட்டீங்க. அக்கா வந்ததும் கூப்பிடச் சொல்லுங்க.' டக்குனு வச்சிட்டான்."

"அக்கா இன்னும் வரலையா மேடம்?"

நான்காவது புதன்கிழமை முழுவதும் அந்தக் கேள்விக்கே போயிற்று. இடையில் ஒரு கட்டத்தில் டிஷ்யூ பெட்டி மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு நகர்ந்தது. நகர்த்தியது அவர். எடுத்துத் துடைத்தது பூட்டம்மா. இதில் ஏதோ தலைகீழாக இருக்கிறதே என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது வீட்டுக்காரருக்கு. அன்று மாலை பூட்டம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தார். வீட்டுக்காரர் செய்தித்தாளைக் கீழே வைத்தார்.

"இன்னைக்குப் புதனா?"

"ஆமா, ஏன் கேக்கறீங்க?"

"நாலு வாரமா பார்க்கறேன். திங்கக்கிழமை நீ உள்ள வந்தா வீடே இருட்டிக்கும். செவ்வாய்க்கிழமை வந்ததும் தண்ணி கேப்பே. புதன்கிழமை மட்டும் பாட்டு. போன புதன் விசில்கூட அடிச்சே. பக்கத்து வீட்ல என்னை எட்டிப் பார்த்தாங்க."

"நான் என்ன, பாடக் கூடாதா?"

"தாராளமா பாடு. யாரு, என்னன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டாலும் நீ சொல்லப் போறதில்ல. ஒரு லிஃப்ட் புதன்கிழமை மட்டும் வழுக்கிக்கிட்டுப் போச்சுன்னா, யாரோ எண்ணெய் போட்டிருக்கான்னு அர்த்தம். யாரோ உனக்கு நல்லா வைத்தியம் பார்க்கறாங்க. அவ்வளவுதான் சொல்வேன்."

பூட்டம்மாவின் கையில் இருந்த செருப்பு கையிலேயே நின்றது.

நேராக அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பையிலிருந்த நோட்டை எடுத்தார். ஒவ்வொருவருக்கும் மணிக்கு நான்கு பக்கம் குறிப்பு எழுதுகிறவர் அவர்; அந்த நோட்டுகளை அடுக்கினால் கட்டடத்துக்கு நான்காவது மாடி எழும்பிவிடும். புதன்கிழமைக்காரரின் பக்கத்தைப் புரட்டினார். முதல் வாரம்: 'ஜன்னலோரம் உட்கார்கிறார். நல்ல மனிதர்.' இரண்டாம் வாரம்: 'படி 14, அரை அங்குலம்!!' மூன்றாம் வாரம்: 'தம்பி.' நான்காம் வாரம் எழுத்தே இல்லை, ஓர் ஈரக்கறை மட்டும் இருந்தது.

பூட்டம்மாவுக்கு வியர்த்தது. முப்பது வருஷத்தில் எத்தனையோ கில்லாடிகளைப் பார்த்தவர். ஒரு மனிதர் சாவகாசமாக வந்து உட்கார்ந்து, பூட்டைத் திறந்து, உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துத் தூசி தட்டி, திரும்ப அடுக்கிப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். பூட்டு நன்றி சொல்லியிருக்கிறது! அவர் ஏன் எழுந்து போனார் என்பது மட்டும் நான்கு வாரத்துக்கு முன் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. மாதக் கடைசிக்கு இன்னும் ஒரு புதன்கிழமைதான் பாக்கி.

வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். பூட்டம்மாவை அன்றிலிருந்து அரித்தது ஒரே கேள்வி: அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பதினொன்று இருபதில்?

ஐந்தாவது புதன்கிழமை, அவர் உட்கார்ந்ததும் பூட்டம்மா நோட்டைத் திறந்து நான்கு வாரக் குறிப்பையும் வாசித்துக் காட்டினார். வாசிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு வடிந்து, முகம் வெளிறியது.

"நான் வேணும்னு பண்ணல மேடம்."

"தெரியும். வேணும்னு பண்ணியிருந்தா கண்டுபிடிச்சிருப்பேன். தப்பு என் பேர்லதான், உங்க மேல இல்ல. உங்க நேரத்துல நான் அழுதேன். அதுக்கு மன்னிச்சுக்கணும்." நோட்டை மூடினார். "இன்னைக்கு என் முட்டிக்கு லீவு. என் தம்பிக்கும் லீவு. வீட்டுக்காரருக்கும் லீவு. இப்ப சொல்லுங்க."

"நீங்க அப்படிச் சொல்றப்ப உங்களுக்கு உள்ள..."

பூட்டம்மா ஒரு விரலை உயர்த்தினார்.

"சரி சரி. இந்த ரூம்ல திரை புதுசா மேடம்? யார் தேர்ந்..."

இரண்டாவது விரல்.

"நேத்து நல்லாத் தூங்..."

மூன்றாவது விரல். கேள்விகள் தீர்ந்துபோன மனிதர், தோட்டா தீர்ந்த காவலாளியைப் போலக் கைகளைத் தொங்கப்போட்டார். பிறகு அமைதி. மௌனத்தில் பட்டம் வாங்கிய இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் அந்த மௌனம் எப்படிப்பட்டதாக இருக்கும்! கீழே முதல் மாடியில் பல் ராவும் சத்தம் கேட்டது. அதற்கும் கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைக்கும் சத்தம். பதினேழு நிமிஷம். பதினெட்டாவது நிமிஷத்தில் அவர் வாய் திறந்தார்.

"எனக்கு ஒரு கெட்ட பழக்கம் மேடம். செஷன் நோட்ஸை முன்னாடியே எழுதிடுவேன்."

"முன்னாடின்னா?"

"அவங்க வர்றதுக்கு முன்னாடி. ஆரம்பத்துல தேதி மட்டும் போட்டு வைப்பேன். அப்புறம் 'நேரத்துக்கு வந்தார்'னு ஒரு வரி. எட்டுப் பேர் மேடம் ஒரு நாளைக்கு, நேரம் மிச்சம் ஆகுமேன்னு. அப்புறம் 'தூக்கம் சரியில்லை என்றார்.' அப்புறம் பாதிப் பக்கம். கடைசி ஒரு வருஷமா முழுப் பக்கமும். தப்பா இருந்தா அப்புறமா திருத்திக்கலாம்னுதான்."

"திருத்தினீங்களா?"

"திருத்துற மாதிரி வரவே இல்ல. ஒரு வரிகூட."

பூட்டம்மா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார்.

"அந்தம்மாவை ஆறு மாசமா தெரியும். அன்னைக்குக் காலையில எழுதி வச்சேன். அவங்க என்ன சொல்வாங்க, நான் என்ன சொல்வேன், எல்லாம். நடுவுல ஒரு வரி: 'பதினொன்று இருபது, அழுகை.' விளையாட்டுக்குத்தான் மேடம் மணியைப் போட்டேன். அவங்க வந்தாங்க, பேசினாங்க. நான் 'அது கஷ்டமா இருந்திருக்குமே'ன்னேன். அவங்க கண் கலங்கிச்சு. கடிகாரத்தைப் பார்த்தேன்." தலையைத் திருப்பி, பின்னால் இருந்த சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணு இருபது."

"ஐயோ!"

"நோட்டைப் பார்க்கறேன், அவங்களைப் பார்க்கறேன். நான் அவ்வளவு கெட்டிக்காரனா? இல்ல, அவங்க கையைப் பிடிச்சு நானே அந்த வரிக்கு இழுத்துட்டுப் போறேனா? அவங்க வராமலே இது நடந்திருக்கும் போல. நான் இல்லாமலும் நடந்திருக்கும். அப்ப நான் எதுக்குன்னு எழுந்துட்டேன்."

"பஸ்?"

வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "பஸ்ஸுதான் மேடம் உலகத்துலயே உண்மையானது! எட்டு வரும்னு நினைப்பேன், பதினேழு வரும். பதினேழுதான் திரும்ப வரப்போகுதுன்னு நினைச்சா, பலகையே இல்லாம ஒண்ணு வரும். ரெண்டு மணி நேரம், ஒண்ணைக்கூட என்னால சொல்ல முடியல. எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா!" வந்த வெளிச்சம் போய்விட்டது. "லெட்டர் குடுக்க மாட்டீங்க. தெரியும். நானா இருந்தாலும் குடுக்க மாட்டேன். கேக்காத ஆளை எப்படிக் கேக்கற வேலைக்கு அனுப்பறது?"

பூட்டம்மாவை வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. கதையில் ஒரு ஆள் குறைகிறதே!

"அந்தம்மா என்ன பண்ணாங்க?"

"எந்தம்மா?"

"நீங்க எழுந்து வெளியே போனீங்க. கதவு மூடிச்சு. அவங்க உள்ளயே அழுதுக்கிட்டு இருக்காங்க. அப்புறம் என்ன பண்ணாங்க?"

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

பூட்டம்மா நோட்டில் ஒரு வெள்ளைப் பக்கத்தைக் கிழித்து, பேனாவோடு அவர் பக்கம் தள்ளினார். "எழுதுங்க. ஆறு மாசப் பழக்கம். அழுற நிமிஷம் முதற்கொண்டு தெரியும். உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி."

அவர் பேனாவை எடுத்தார். பத்தொன்பது வருஷம் எழுதிப் பழகிய கை, தலைப்பைத் தானாகவே எழுதியது: 'பதினொன்று இருபதுக்குப் பிறகு.' முனை தாளில் அப்படியே நின்றது.

"பின்னாடியே எழுந்து வந்திருப்பாங்க" என்றார். தானே தலையை ஆட்டினார். "இல்ல, வரல. வந்திருந்தா பஸ் ஸ்டாப்ல பார்த்திருப்பேனே. உட்கார்ந்தே இருந்திருப்பாங்க. ரெண்டு மணி நேரமா? அழுகையை நிறுத்தியிருப்பாங்களா, இல்ல அதிகமா அழுதிருப்பாங்களா? என் நோட்டு மேஜை மேல திறந்தே கிடந்துச்சு மேடம்! அதைப் படிச்சிருப்பாங்களோ? படிச்சிருந்தா... சிரிச்சிருப்பாங்களா? குடை கொண்டுவந்தாங்க. நான் திரும்பிப் போனப்ப குடை அங்க இல்ல, ஆனா என் நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்துச்சு. அதை யார் திருப்பினது?"

நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கண்கள் பளபளத்தன. அளவுகோலோடு மூச்சிரைக்க வந்து நின்ற அதே மனிதர்!

"தெரியலையே மேடம். ஒரு வரிகூட வரலையே. எனக்குத் தெரிஞ்சாகணும்!"

தலைப்புக்குக் கீழே தாள் வெள்ளையாகவே இருந்தது. பூட்டம்மா அதை எடுத்து நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்தார். ஐந்து வாரத்தில் அந்த மனிதரைப் பற்றி அவரிடம் சேர்ந்த உருப்படியான குறிப்பு அது ஒன்றுதான்.

"நாலு வாரமா என்கிட்ட கேள்வி கேட்டே ஒளிஞ்சுக்கிட்டீங்க, அது நிஜம். ஆனா பதில் தெரியாமத்தான் கேட்டீங்க. எந்தப் படின்னு தெரியாமக் கேட்டீங்க, போய் அளந்தீங்க. கேக்கற புத்தி செத்துப்போன ஆள் நாப்பத்தெட்டுப் படியைக் குனிஞ்சு அளக்க மாட்டான் சார். அது என்கிட்ட நல்லாத்தான் வேலை செய்யுது. உங்க ரூம்லதான் அதுக்கு இடம் விடாம முன்னாடியே எழுதி வச்சிட்டீங்க."

"அப்ப?"

"அப்ப என்ன? போய் அந்தம்மாகிட்ட கேளுங்க. இனிமே முன்னாடி ஒரு எழுத்து எழுதக் கூடாது, தேதி உள்பட. கை அரிச்சா பஸ் ஸ்டாப்புக்குப் போங்க. மாசம் ஒரு புதன் இங்க வரணும். வந்தா நீங்கதான் பேசணும். முட்டியைப் பத்திக் கேட்டீங்கன்னா கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிடுவேன்."

அவர் டிஷ்யூ பெட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். இந்த முறை அது சரியான திசையில் போயிற்று.

மேலதிகாரிக்குப் போன கடிதத்தில் வழக்கமான மூன்று வரிகளும், கண்காணிப்பு உண்டு என்ற உறுதியும் இருந்தன. அதற்குக் கீழே பூட்டம்மா தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'இவருக்குத் தெரியாதது இன்னும் இருக்கிறது, அதனால் அனுப்புகிறேன்.' மேலதிகாரி அதை ஏழு தடவை படித்தாராம். எட்டாவது தடவை படிக்கப் பயந்து கையெழுத்துப் போட்டாராம்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை பூட்டம்மா வேலை முடிந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். கீழே காத்திருக்கும் பதினாலாவது படியை மரியாதையோடு நினைத்துக்கொண்டே முதல் மாடிக்கு வந்தால், எதிரே புதன்கிழமைக்காரர், கன்னத்தில் கையோடு.

"என்ன சார், என்கிட்டயேவா? எனக்கே பல்லுக் கதையா?"

"நிஜமாவே பல்லு மேடம்" என்று கையை எடுத்தார். கன்னம் சட்டியில் ஊதிய பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. முப்பது வருஷத்தில் அந்தப் படியில் உண்மையான பல்வலியோடு நின்ற முதல் ஆலோசகர் அவர்தான்.

பூட்டம்மா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவங்க வந்தாங்களா?"

"வந்தாங்க."

"கேட்டீங்களா?"

"முதல் கேள்வியே அதான்."

"சொன்னாங்களா?"

"எல்லாம் சொன்னாங்க." வீங்காத பக்கத்தால் சிரித்தார். "நான் நினைச்சது எதுவும் இல்ல மேடம். கிட்டகூட வரல. பத்தொன்பது வருஷத்துல நான் அப்படி வாயைப் பிளந்ததே இல்ல."

"அப்படி என்னய்யா பண்ணாங்க?"

"அது அவங்க விஷயம் மேடம்."

"யோவ், நான் உங்க டாக்டர்!"

"என் விஷயத்துக்கு நீங்க டாக்டர். அடுத்த புதன் வந்து என் விஷயம் அத்தனையும் கொட்டறேன். இது அவங்களோடது. வெளிய சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க." உள்ளிருந்து பெயர் கூப்பிட்டார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டரின் கதவுக்குள் மறைந்தார்.

பூட்டம்மாவுக்குப் பெருமையாக இருந்தது. பெருமையைவிட நூறு மடங்கு எரிச்சலாக இருந்தது. முப்பது வருஷமாக ஊரையே விழுங்கி ஏப்பம் விடாமல் இருந்தவருக்கு, ஒரு பெண்மணி ஒரு மூடிய அறையில் என்ன செய்தாள் என்று தெரியாமல் மண்டை வெடித்தது. நாற்காலியைத் திருப்பினாளா? நோட்டில் ஏதாவது எழுதினாளா? அழுகையை நிறுத்தினாளா? வீடு வரும்வரை ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் ஒரு பதில் கண்டுபிடித்தார். தெருவில் நாற்பது கம்பம். நாற்பதும் தேறவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது சட்டென்று நின்றார். கதவு மூடியபின் என்ன ஆயிற்று என்று தெரியாத இன்னொன்று அவரிடமும் இருந்தது. அதைச் சொல்லக்கூடியவர் வாயைத் திறக்க யார் அனுமதியும் வேண்டாம்.

போனை எடுத்தார். பதினோரு வருஷமாகத் தம்பியிடம் சொல்ல அவர் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் ஏராளம். எல்லாம் செதுக்கிய வாக்கியங்கள், எல்லாம் முன்கூட்டியே எழுதியவை. அவற்றை அப்படியே போட்டுவிட்டு எண்ணை அழுத்தினார். மூன்று முறை மணி அடித்தது.

"ஹலோ?"

"நான்தான்."

"யாரு? டாக்டரம்மாவா?"

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்குப் போனை டக்குனு வச்சியே, அப்புறம் நீ என்ன பண்ணே?"

"என்னது? பதினோரு வருஷம் கழிச்சு இதைக் கேக்கவா போன் பண்ணே?"

"ஆமாடா எருமை. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அந்தப் பக்கம் யாரிடமோ, "அக்கா" என்று சொல்லும் குரல் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தம்பி சொன்னான்:

"வச்சிட்டு, போன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். நீ திரும்ப அடிப்பேன்னு. சாயங்காலம் வரைக்கும். கையில சாப்பாட்டுத் தட்டு, எழுந்தா மணி அடிச்சிடுமோன்னு எழுந்திரிக்கல."

பூட்டம்மா நாற்பது கம்பத்துக்கு நாற்பது பதில் யோசித்திருந்தாலும் இது வந்திருக்காது. 'அது உனக்கு எப்படி இருந்தது?' என்ற பழகிய கேள்வி, அந்தக் குரலோடு, நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. கசப்பு மாத்திரையைப் போல அதை விழுங்கினார்.

"ஏன்டா, உனக்குக் கை இல்லையா? நீ அடிக்கிறதுதானே?"

"உனக்கு இல்லையா? நீ அடிக்கிறதுதானே?"

"நீ சின்னவன், நீதான் அடிக்கணும்!"

"நீ பெரியவ, பெரியவளா நடந்துக்கிட்டியா?"

இருவர் குரலும் தெரு வரை போயிற்று. செய்தித்தாளோடு வந்த வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று, மனைவி அழுதுகொண்டே கத்துவதையும் கத்திக்கொண்டே சிரிப்பதையும் சற்று நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சுவரில் தொங்கிய காலண்டரை மூக்குக்கு அருகே வைத்துப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமைன்னுதானே போட்டிருக்கு?" என்றார் தனக்குள்.